மன்னார்க் காட்டு வழியில் மாண்டவர்கள்

சாகுபுரத்து உப்பளங்களின் ஓரத்தில் நின்று கிழக்கே நோக்குவோருக்குக் கடலைத் தவிர வேறொன்றும் தென்படாது. ரசாயனத் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிச் சென்ற நூற்றாண்டில் எழுந்த ஊர் அது. ஊர் புதிதாயினும் அது அமைந்துள்ள கரை புதிதன்று. அண்டையில் காயல்பட்டினம், வடக்கே புன்னைக்காயல், கொற்கை, தூத்துக்குடி. கொற்கையின் முத்தும், காயலின் வாணிபமும், 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் இக்கரையின் பெருமைகள். இவற்றை நம் சிறுவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும்.

ஆனால் இதே கடலின் அக்கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக நடந்து, வழியிலேயே விழுந்து மாண்ட ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பற்றி நம் பாடங்கள் பேசுவதில்லை. அவர்கள் எந்தத் தேசத்தையும் கண்டுபிடிக்கச் சென்றவர்கள் அல்லர். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை தேடிச் சென்றவர்கள். அதனாலேயே அவர்களுடைய பிரயாணம் சரித்திரம் என்ற பெயரைப் பெறவில்லை போலும்! வனாந்தரத்தில் புகுந்து உயிரிழந்த வெள்ளைக்காரப் பிரயாணிகளின் கதைகளை நாம் ஆவலோடு படிக்கிறோம். அவர்கள் தைரியத்தை வியக்கிறோம். வியப்பதில் குற்றமில்லை. அந்தக் கதைகளுள் ஒன்றை முதலில் நினைவு கூர்ந்து, பிறகு நம்மவர் கதையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியப் பாலையில்

1860 ஆகஸ்டு 20-ந் தேதி மெல்போர்ன் நகரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. ஆஸ்திரேலியாக் கண்டத்தின் தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரைவரை உள்நாட்டு வழியாகக் கடந்து செல்வது அதன் நோக்கம். ராபர்ட் பர்க் என்பவர் தலைவர். வில்ஸ் என்ற இளைஞர் பின்னர் அவருக்குத் துணைத் தலைவரானார். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி வழியனுப்பினர். இந்தியாவிலிருந்து ஒட்டகங்கள் தருவிக்கப்பட்டிருந்தன. அவற்றை ஓட்ட தோஸ்து முகமது முதலிய சிலரும் சென்றிருந்தனர். மூட்டைகள் சுமார் 20 டன் கனம். சாப்பாட்டு மேஜையும், நாற்காலியும், வாணங்களும், சேகண்டியும்கூட அம்மூட்டைகளில் இருந்தன. பாலைவனத்தைக் கடக்க மேஜை எதற்கு என்று அப்போது ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நடுவழியில் கூப்பர் என்னும் ஓடைக்கரையில் ஒரு முகாமை நிறுத்திவிட்டு, பர்க், வில்ஸ், கிங், கிரே என்ற நால்வர் மட்டும் வடக்கே சென்றனர். 1861 பிப்ரவரியில் வடகடலை அடுத்த சதுப்பு நிலத்தை எட்டித் திரும்பினர். திரும்பும் வழியில் கிரே இறந்தான். இளைத்துப் போயிருந்த மற்ற மூவரும் அவனைப் புதைப்பதற்காக ஒரு நாள் தங்கினார்கள். பிறகு நடந்து, ஏப்ரல் 21-ந் தேதி மாலை முகாமை அடைந்தார்கள். முகாமில் ஒருவரும் இல்லை! நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார்கள். "இங்கே தோண்டுக" என்று ஒரு மரத்தில் செதுக்கியிருந்தது. தோண்டினார்கள்; கொஞ்சம் உணவும் ஒரு கடிதமும் கிடைத்தன.

இதற்குப் பின் நிகழ்ந்ததுதான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி. அவ்வோடைக் கரை மனிதர் வாழ முடியாத இடமன்று. யந்துருவந்தா என்ற பழங்குடியினர் எத்தனையோ தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்தனர். மீன் பிடித்தனர். நார்டு என்ற நீர்ச்செடியின் விதை போன்ற காய்களை இடித்து அப்பம் சுட்டனர். நம் வயல்களில் விளையும் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது அச்செடி. பசித்த வெள்ளையருக்கு அவர்கள் மீனும் அப்பமும் கொடுத்தனர். பர்க்கோ அவர்களை நம்பாமல் ஒரு சமயம் துப்பாக்கியைக் காட்டி விரட்டினார். அவர்கள் விலகிப் போனார்கள். அதன் பிறகு மூவரும் தாங்களே நார்டைப் பொறுக்கி இடித்துத் தின்றனர். வயிறு நிறைந்தது, உடம்பு கரைந்தது. அக்காயைப் பக்குவம் செய்யும் முறை தெரியாமல் தின்றதால், உடலுக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஒன்று அழிந்து நோயுற்றனர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஜூன் கடைசியிலும் ஜூலை முதலிலுமாக வில்ஸும் பர்க்கும் மாண்டனர்.

கிங் என்ற மூன்றாமவன் பிழைத்தான். முன்பு இந்தியாவில் சிப்பாயாக இருந்தவன் அவன். எஞ்சிய அவன் பழங்குடியினரைத் தேடிச் சென்று சேர்ந்துகொண்டான். அவர்கள் அவனைத் தங்களுள் ஒருவனாக வைத்து உணவளித்தார்கள். செப்டம்பரில் தேடி வந்தவர்கள் அவனை உயிரோடு கண்டனர்.

இந்தப் பிரயாணத்தில் மொத்தம் 7 பேர் மாண்டார்கள். பர்க்குக்கும் வில்ஸுக்கும் 1863-ல் சர்க்கார் மரியாதையோடு சவ ஊர்வலம் நடைபெற்றது. 1865-ல் மெல்போர்னில் சிலை எழுந்தது. ஏன் இறந்தார்கள், யார் பிழை என்று விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. ஏழு உயிருக்காக ஒரு தேசம் விசாரணை நடத்தியது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நம்மவர் நடந்த வழி

அதே காலத்தில், நம் கரைக்கு எதிரே, ஆண்டுதோறும் வேறொரு பிரயாணம் நடந்துகொண்டிருந்தது.

இலங்கையின் கண்டி மலைகளில் 1820-களில் சிறிதாகத் தொடங்கிய காப்பிப் பயிர், 1830-களின் கடைசியிலும் 1840-களிலும் வெகு வேகமாகப் பெருகிற்று. காட்டை அழிக்கவும் காய் பறிக்கவும் ஆட்கள் வேண்டும். ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஜனங்கள் போனார்கள். மழை பொய்த்ததும், கடன் கழுத்தை நெரித்ததும், பண்ணையடிமை முறையும் அவர்களை ஊரைவிட்டுத் தள்ளின. தேயிலைக் காலம் வந்தபின், செடியின் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஆசை காட்டினார்கள் என்பது மலையகத் தமிழர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அக்கதையை நம்பியவர் எத்தனை பேரோ, நாம் அறியோம். ஊரில் இருந்தால் சாவு நிச்சயம் என்பதை அறிந்தே பலர் புறப்பட்டிருப்பர்.

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணி ஏறி மன்னார்த் தீவுப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை ஏறக்குறைய 150 மைல். ரயில் இல்லை, வண்டியும் இல்லை. ஒரு வழி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டின் நடுவே செல்லும். மற்றொன்று அரிப்பு, சிலாவத்துறையைத் தாண்டிப் புத்தளம், குருநாகல் என்று செல்லும். கங்காணி முன்னே நடப்பான். பின்னே ஐம்பதோ நூறோ ஆட்கள், தலையில் அரிசி முடிச்சும் கையில் சட்டியுமாக நடப்பார்கள். இரண்டு வாரத்துக்குக் குறையாத பயணம் அது. காப்பி அறுவடை முடிந்தபின், மீந்த காசை மடியில் முடிந்துகொண்டு அதே காட்டு வழியே திரும்பவும் நடப்பார்கள்.

அந்நாடு இலங்கையின் வறண்ட பாகம். மழை ஓய்ந்த மாதங்களில் மைல் கணக்காகத் தண்ணீர் கிடையாது. கிடைத்த குட்டையில் குடித்தால் வாந்திபேதி. குடிக்காவிட்டால் தாகம். கொசுக்கடியில் விஷக்காய்ச்சல். யானையும் கரடியும் உலவும் காட்டில் இரவுக்கு ஒதுங்கக் கொட்டகையும் இல்லை. கூட்டத்தில் ஒருவனுக்குப் பேதி கண்டால் மற்றவர் என்ன செய்வர்? நின்றால் அரிசி தீர்ந்துவிடும். எல்லோரும் சாக வேண்டும். சுமந்து செல்லும் வலு ஒருவருக்கும் இல்லை. ஆகவே நோயாளியை ஒரு மரத்தடியில் கிடத்தி, அருகே கொஞ்சம் நீர் வைத்துவிட்டுப் போனார்கள். கிரேயைப் புதைப்பதற்கு மூன்று பேர் ஒரு நாள் தங்கினார்கள் என்றோம். மன்னார் வழியில் தாயைப் புதைக்கவும் மகனுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. அவன் நெஞ்சு கல் என்று யாரேனும் சொல்லத் துணிவரோ?

எத்தனை பேர் மாண்டார்கள்? 1840-களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என்று 1849-ல் கொழும்பு அப்சர்வர் என்ற ஆங்கிலப் பத்திரிகை கணக்கிட்டு எழுதியது. இது வழியில் மாண்டாரையும் தோட்டங்களில் மாண்டாரையும் சேர்த்த கணக்கு. அத்தொகை மிகையானது என்று பிற்காலச் சரித்திர ஆசிரியர்களுள் சிலர் கூறுகின்றனர். இருக்கலாம். வாதத்துக்காக அதில் கால் பங்கையே எடுத்துக்கொள்வோம். 17,500 உயிர். ஏழு பேருக்குச் சிலையும் விசாரணையும் வைத்த உலகம், இவர்களுக்கு நம்பிக்கையான ஒரு கணக்குக்கூட வைக்கவில்லை என்பதே விஷயம். போனவர்களை எண்ணினார்கள், தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களை எண்ணினார்கள். இடையில் குறைந்தவர்களை எண்ணுவது ஒருவருக்கும் உத்தியோகமாக இல்லை.

காடு கொன்றதா?

வனாந்தரம் கொடியது, அதில் புகுந்தவர் மாள்வது இயல்பு என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அச்சமாதானத்தை நாம் ஏற்கவில்லை.

பாலை என்பதைப் பற்றித் தமிழர் ஆழ்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஐந்திணையுள் ஒன்றாக அதை வைத்தார்கள். ஆயினும் பாலை பிறக்கும்போதே பாலையாகப் பிறந்த நிலமன்று, முல்லையும் குறிஞ்சியுமே மழையற்றுக் காய்ந்து தம் இயல்பு கெட்டபோது பாலை எனப்படும் என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. இதைச் சிலப்பதிகாரம் படித்தோர் அறிவர். மன்னார் முதல் மாத்தளை வரையுள்ள நிலத்துக்கு இக்கருத்து எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். அந்நிலம் பண்டைக் காலத்தில் பெரும் ஏரிகள் நிறைந்த நெல் விளையும் பூமி. மன்னாருக்கு அருகிலுள்ள கட்டுக்கரைக் குளத்தின் கரையைக் கண்டவர் இதை ஐயுறார். ஏரிகள் உடைந்தன, மடைகள் தூர்ந்தன, ஊர்கள் கலைந்தன, காடு புகுந்தது. நம்மவர் நடந்தது ஆதிகாலத்து வனத்தில் அன்று. கைவிடப்பட்ட கழனியில் நடந்தார்கள்.

வழி என்றால் என்ன என்பதும் தமிழர் அறியாததன்று. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரால் வழங்கும் சாலை நம் திருநெல்வேலிச் சீமையில் இன்றும் உண்டு. அவள் ஆண்டது 17-ம் நூற்றாண்டின் இறுதியில். சாலை போட்டால் மரம் வைக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும், சத்திரம் கட்ட வேண்டும் என்பது அக்காலத்து அரசின் சாதாரண அறிவு. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பது ஏழையும் செய்யும் தர்மம். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்ட சமூகம் இது. பத்து மைலுக்கு ஒரு கிணறும் ஒரு கொட்டகையும் இருந்தால் 150 மைல் காடு சாவு வழியாக இருந்திராது. நீராவிக் கப்பலும் தந்தியும் கண்ட சர்க்காருக்கு ஒரு கிணறு வெட்டும் வித்தை தெரியாமலா போயிற்று?

தெரியும் என்பதற்குச் சாட்சி அதே கரையில் இருக்கிறது. அரிப்பும் சிலாவத்துறையும் பெயர் பெற்ற முத்துக்குளிப்புத் துறைகள். தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களும் பருவந்தோறும் சென்று குளித்த இடங்கள். முத்துக்குளிப்பு என்று சர்க்கார் விளம்பரம் செய்துவிட்டால், வெறும் மணல்வெளியில் ஒரு நகரம் எழும். கடை வீதி, காவலர், நீதிமன்றம், வைத்தியர், குடிநீர் எல்லாம் வரும். சுறா மீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் கடல்கட்டி என்னும் மந்திரவாதிக்கும் சர்க்காரே சம்பளம் கொடுத்தது! மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததாலா? இல்லை. கடல்கட்டி இல்லாவிடில் குளியாளி நீரில் இறங்கமாட்டான். இறங்காவிடில் முத்து வராது. 1905-ல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் சர்க்காருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அத்தனை பேர் கூடிய அவ்விடங்களிலும் வாந்திபேதி வந்ததுண்டு. ஆனால் அங்கே வந்தால் வைத்தியர் இருந்தார்.

1837-க்குப் பின் சிப்பி குறைந்து பல ஆண்டுகள் அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காப்பித் தோட்டக் கூலிகள் பெருந்திரளாக அரிப்பு வழியே நடந்தது அந்த ஆண்டுகளில்தான். முத்தெடுப்போர் கூடிய அதே மணலில் கூலிகள் இறங்கினார்கள். அவர்களுக்கு வைத்தியரும் இல்லை, கிணறும் இல்லை, கடல்கட்டியும் இல்லை. குளியாளி இறந்தால் சர்க்காரின் வருமானம் அன்றே குறையும். கூலி இறந்தால் அடுத்த தோணியில் வேறொருவன் வருவான். இக்கணக்கைத் தவிர வேறு வித்தியாசம் எதையும் நாம் காணவில்லை.

வழிச்செலவையும் துரைமார் தம் கையிலிருந்து கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டா. தோணிக்கூலி, அரிசி எல்லாம் கங்காணி முன்பணமாகக் கொடுத்ததாக எழுதப்பட்டு, தொழிலாளியின் தலையிலேயே கடனாக ஏறின. சாகத் துணிந்து நடந்ததற்கும் அவனே செலவு கொடுத்தான்!

1850-களின் பிற்பகுதியிலிருந்து வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் சில வைத்திய நிலையங்களும் மெல்ல ஏற்பட்டன. ஏற்பட்ட அளவுக்குச் சாவும் குறைந்தது. காடு அதே காடுதான். ஆகவே முன்பு மாண்டவர்களை மாய்த்தது எது என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். பிறகு 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழி மூடப்பட்டது. எதற்காக? கூலிகளின் துயரைக் கண்டு மனமிரங்கியதாலன்று. இந்தியாவில் பரவிய பிளேக் நோய் அவர்களோடு இலங்கைக்குள் வந்துவிடுமோ என்ற பயத்தால் மூடினார்கள். அதன் பின் தூத்துக்குடி-கொழும்பு கப்பல் வழியே பிரதான வழியாயிற்று. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் எழுந்தன. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையோடு நம் ஜனங்கள் அனுப்பப்பட்டார்கள். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பலும் வந்தபோது காட்டு வழி முற்றிலும் கதையாயிற்று.

மறுபடியும் ஒரு நடை

கதையாயிற்று என்று எண்ணியிருந்தது 1942-ல் மீண்டும் நிஜமாயிற்று. ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தபோது, அங்கிருந்த இந்தியர் லட்சக்கணக்கில் கால்நடையாகப் புறப்பட்டனர். அவர்களுள் தமிழர் ஏராளம். டவுங்கப் கணவாய் வழியே அரக்கான் கரைக்கும், தாமு வழியே மணிப்பூருக்கும், ஹுகாங் பள்ளத்தாக்கைத் தாண்டி அஸ்ஸாமுக்கும் நடந்தனர். மழையும் சேறும் அட்டையும் பேதியும் காய்ச்சலும் ஆயிரக்கணக்கானவரைத் தின்றன. பத்தாயிரத்துக்கு மேல் பல பதினாயிரம் வரை பலவாறு கணக்குச் சொல்கிறார்கள். நிச்சயமான தொகை இங்கும் இல்லை. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்ற பாகுபாட்டைக் காங்கிரஸ் அன்றே கண்டித்தது. நூறு ஆண்டு கழிந்த பின்னும், அதே சர்க்காரின் அதே கணக்கு மாறவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அங்கும் பிழைத்தவர்கள் பலர் யாரால் பிழைத்தார்கள் என்று கேட்டால், வழியில் கஞ்சி ஊற்றியவர்களாலும், தோளில் குழந்தையை வாங்கிக்கொண்ட மலைவாசிகளாலும், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து முகாம் அமைத்த தொழிலாளராலுமே என்று தெரியவரும். கிங் பிழைத்ததும் இவ்வாறே. பாலையில் ஒருவனைப் பிழைக்க வைப்பது அவனுடைய தைரியம் மாத்திரமன்று. பர்க்குக்குத் தைரியம் குறைவாக இருக்கவில்லை. வழியில் இன்னொரு மனிதன் இருக்கிறானா, அவன் இவனை மனிதனாகக் கருதுகிறானா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் உயிர் நிற்கிறது.

நம் கடன்

மன்னார் வழியே தப்பிப் பிழைத்தவர்களின் சந்ததிகள் இன்று மலையகத் தமிழர். காப்பியை 1869-ல் தோன்றிய இலைநோய் அழித்தது, தேயிலை வந்தது, அதை உலகப் புகழ் பெறச் செய்தவை அவர்கள் கைகள். அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே இயற்றப்பட்ட பிரஜா உரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-ல் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று அவர்களைப் பங்கு போட்டது. பங்கு போடப்பட்டவர்களிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. பாட்டன் நடந்த வழியைப் பேரன் எதிர்த்திசையில் ரயிலிலும் கப்பலிலும் கடந்து, தான் பார்த்தறியாத சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். நீலகிரியிலும் பிற இடங்களிலும் அவர்களை நாம் எவ்வாறு வரவேற்றோம் என்பதை நினைத்தால், அந்நியச் சர்க்காரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. "சிலோன்காரன்" என்று அவர்களை விலக்கி வைத்தவர்கள் வெள்ளையர் அல்லர். எஞ்சியவர் பிரச்னை தீர 2003-ம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரஜா உரிமை கிடைத்த பின்னும், குடியிருக்கும் மண்ணுக்குச் சொந்தப் பத்திரம் என்ற கோரிக்கை இன்னும் தீரவில்லை. வெள்ளைக்காரன் கட்டிய லயன் அறைகளில் இன்னமும் குடும்பங்கள் வசிக்கின்றன.

2023 ஜூலை 28-ந் தேதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் மீண்டும் நடக்கத் தொடங்கிற்று. மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதைக் குறித்து, முன்னோர் நடந்த அதே வழியில், ஆகஸ்டு 12-ந் தேதி மாத்தளை சேரும்வரை 16 நாள் நடந்தார்கள். மலையகத்தாரோடு பிற தமிழரும், முஸ்லிம்களும், சிங்களரும் வழியில் சேர்ந்துகொண்டார்கள். இந்தத் தடவை ஊர்தோறும் தண்ணீர் இருந்தது, உணவு இருந்தது, தங்க இடம் இருந்தது. 180 ஆண்டுகளுக்கு முன் ஒரு குடம் தண்ணீரோடு யாரேனும் நின்றிருக்க வேண்டிய இடங்களில், காலந்தாழ்த்தியேனும் மனிதர்கள் நின்றார்கள். இச்செய்தி நம் கரையில் எத்தனை பேர் காதில் விழுந்தது?

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. மாண்டவர்கள் புறப்பட்டது இக்கரையிலிருந்து. தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ தூத்துக்குடித் துறைமுகத்திலோ அவர்கள் நினைவாக ஒரு கல் நடுக. அதன் அடியில் ஒரு குடிநீர்க் குழாயும் வைக்கட்டும். அதுவே அவர்களுக்கு ஏற்ற சிலை. நம் பள்ளிப் புத்தகங்களில் வ. உ. சி.யின் கப்பலுக்கு அடுத்த பக்கத்தில் மன்னார்க் காட்டு வழிக்கும் ஒரு பாடம் எழுதுக. தாயகம் திரும்பியோர் என்று நாம் பெயர் சூட்டியவர்களில் இன்னமும் வீடும் மனையும் சாதிச் சான்றும் கிடைக்காமல் அலுவலகந்தோறும் நடப்பவர் உண்டு. அவர்கள் மனுக்களை முதலில் பைசல் செய்க. அக்கரையில் மனைப் பத்திரம் கேட்கும் அவர்களுடைய உற்றார் குரலுக்கு இக்கரையிலிருந்தும் ஓர் ஆதரவுக் குரல் எழுக.

ஊர்களில் உழைக்கும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. பிழைப்புத் தேடி மனிதர் நடக்கும் வழிகள் இன்றும் மூடப்படவில்லை. 2020-ல் ஊரடங்கின்போது நம் தேசத்து நெடுஞ்சாலைகளில் தொழிலாளர் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். நல்ல தார்ச்சாலை, இரு புறமும் ஊர்கள், ஆயினும் நடந்தவர்களுக்கு அது பாலையாகவே இருந்தது. சில இடங்களில் கதவுகள் அடைத்தன. சில இடங்களில் சாதாரண ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தோடும் தண்ணீரோடும் சாலையில் வந்து நின்றார்கள். அப்படி நின்றவர்கள் செய்ததுதான் மன்னார் வழியில் ஒருவரும் செய்யாமல் போனது. அடுத்த முறை நம் ஊர் வழியாக அப்படி ஒரு கூட்டம் வரும்போது, முதலில் குடத்தோடு வெளியே வருவது நம் வீடாக இருக்கட்டும்.